தொட்டி நாறுகிறது என்றாள்

வெறுங்கையைத்தான் உள்ளே விட்டார். துண்டைச் சுற்றிக்கொண்டு விட்டிருக்க வேண்டும் என்று பிறகு பிராணிக்கடைக்காரர் சொன்னார். அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டு ஜெர்பில் எலிகளும் ஒரே பந்தாகச் சுருண்டு உருண்டன. எது தலை, எது வால் என்று தெரியவில்லை. மரச்சீவல் தெறித்துத் தரையெல்லாம் விழுந்தது. பந்துக்குள் விரலை நுழைத்துப் பிரித்தபோது ஆள்காட்டி விரலில் பல் இறங்கியது. கையை உதறவில்லை. உதறினால் சுவரில் போய் அடிபடும். பல்லோடு சேர்த்தே தூக்கி, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கினார்.

"ஐயோ, ரத்தம்" என்றாள் மனைவி, அறை வாசலில் நின்றபடி.

"என்னோடதா, அதோடதா?"

"ரெண்டும்."

வாளிக்குள் இருந்தது சின்னவன். வால் நுனி மொட்டையாக இருக்கும். கடையில் யாரோ வாலைப் பிடித்துத் தூக்கியதில் தோல் உரிந்து நுனி போய்விட்டது. அந்தக் குறைக்காக யாரும் வாங்காமல் கிடந்தவனை, கூடப் பிறந்த பெரியவனோடு சேர்த்து அவர் வாங்கி வந்தார். அன்றிலிருந்து இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துத்தான் தூங்கின. ஒருவன் பள்ளம் தோண்டினால் மற்றவன் சீவலைத் தள்ளுவான். இன்று சின்னவனின் கழுத்துக்குக் கீழே மயிர் கொத்தாகப் போயிருந்தது. பின்னங்கால் இழுத்தது. தொட்டிக்குள் பெரியவன் நின்று பின்னங்கால்களால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஆபத்து என்று சொல்லும் தட்டல் அது.

அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தோளில் சாப்பாட்டுப் பை அப்படியே தொங்கியது.

"எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"தெரியலைங்க. நான் சமையக்கட்டுல இருந்தேன்."

சின்னவன் இரண்டு நாள் இருந்தான். இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டு, ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மருந்துச் சொட்டியால் தண்ணீர் கொடுத்தார். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு பேசினார். "குடிடா. ஒரு சொட்டு. பெரிய மனுஷன் மாதிரி அடம் பிடிக்காத." மூன்றாம் நாள் காலையில் கைக்குட்டைக்குள் அசைவே இல்லை.

சலவைக்கடையில் அவரைக் கறையண்ணன் என்பார்கள். துவைக்கிறவர்கள் வேறு, இஸ்திரி போடுகிறவர்கள் வேறு. கறை எடுப்பது மட்டும் அவர். பின்கட்டில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளை விளக்கு, கழுத்து நீண்ட சிறு புட்டிகள், கறையைச் சுரண்டாமல் தள்ளுவதற்கு ஒரு மழுங்கிய எலும்புத் தகடு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இந்த மேசைதான். முதலாளி மாறினார், விளக்கு மாறியது, மேசை மாறவில்லை.

அவர் வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாடு. என்ன கறை என்று தெரியாமல் மருந்து வைக்க மாட்டார். ரத்தத்துக்கு வைப்பதை டீக்கு வைத்தால் டீ அங்கேயே குடியேறிவிடும். புதுக் கறைக்கு ஒரு மருந்து, பழைய கறைக்கு வேறு மருந்து. பார்த்துத் தெரியாத கறையாக இருந்தால், கவுண்டரில் இருக்கும் பெண் உள்ளே குரல் கொடுப்பாள். இவர் எழுந்து போய்த் துணிக்கு உரியவர்களையே கேட்பார். பலர் பொய் சொல்வார்கள். குடித்தது பழரசம் ஆகும். யாரோ ஒருத்தியின் உதட்டுச்சாயம் தக்காளி ஆகும். "எனக்கு எதுக்குச் சார் உங்க கதை? உண்மையைச் சொன்னா துணி பிழைக்கும்" என்பார்.

மோந்து பார்த்தே கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் புட்டிகளோடு இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் மூக்கு செத்துவிட்டது. முதலில் பூ போனது, பிறகு சோறு, கடைசியில் பினாயில்கூட. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பிறகு வீட்டில் அவருக்கு மூக்கு மனைவிதான். பால் பாத்திரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார். "ம், காய்ச்சலாம்" என்பாள். கழற்றிய சட்டையை நீட்டுவார். "இன்னொரு நாள் ஓடும்" என்பாள். சில நாள், "இதைப் போட்டுக்கிட்டா பஸ்ஸுல வந்தீங்க? பக்கத்துல உக்காந்தவன் உயிரோட இருக்கானா?" என்பாள். காஸ் திறந்திருக்கிறதா, மழை வருமா, வாங்கி வந்த மீன் இன்றையதா நேற்றையதா, எல்லாம் அவள் சொல்வதுதான். இவர் ஒரு முறைகூட மறு கேள்வி கேட்டதில்லை. கேட்டு என்ன செய்வது?

ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அதே வருஷம் மனைவி பக்கத்துத் தெரு மழலைப் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுவது, மூக்குச் சிந்திவிடுவது, தூங்கவைப்பது. "பத்து மூக்கு சிந்தியாச்சு இன்னிக்கு. உங்க மூக்கு ஒண்ணுதான் வேலை வைக்காது" என்று சொல்லிக்கொண்டே வருவாள். வாரத்தில் ஒரு வேலைநாள் இவருக்கு லீவு. அன்று பகலெல்லாம் தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வெளியே போனவர், திரும்பி வரும்போது ஒரு கையில் தொட்டியும் மறு கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியுமாக வந்தார்.

"காசு குடுத்து எலி வாங்கின ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி.

"எலி இல்ல. ஜெர்பில். பாலைவனத்துப் பிராணி. தண்ணி கொஞ்சமாத்தான் குடிக்கும். நாத்தமே இருக்காதாம்."

"யார் சொன்னது? உங்க மூக்கா?"

"கடைக்காரன்."

சலவைக்கடைக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றி வரும் அட்டைக் குழல்களை எல்லோரும் இவருக்கென்று எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள். இஸ்திரி அக்கா நாலைந்தைக் கயிற்றில் கட்டிக் கொடுப்பாள். "இந்தாங்கண்ணே, பிள்ளைங்களுக்குச் சாப்பாடு." ஒரு முழுக் குழலை ராத்திரிக்குள் இரண்டும் அரைத்து மெத்தையாக்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறை ஈரமான மூலையை மட்டும் எடுத்துப்போட்டுப் புதுச் சீவல் வைப்பார். கிண்ணத்தில் மெல்லிய மணல் வைத்தால் அதில் புரண்டு குளிக்கும். சூரியகாந்தி விதையை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும்.

சண்டை வருவதற்கு முந்தின நாள் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தொட்டி நாறுது" என்றாள்.

"மூலைய எடுத்துடறேன்."

"மூலை இல்லைங்க, மொத்தமா நாறுது. எல்லாத்தையும் கொட்டிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்க. உங்களுக்கு எங்க தெரியும்?"

கொட்டினார். கழுவினார். துடைத்துக் காயவைத்துப் புதுச் சீவல் நிரப்பினார். பழைய சீவலில் எப்போதும் ஒரு பிடி வைத்துக்கொள்வார், அன்று அதையும் வைக்கவில்லை. மொத்தமாக நாறுகிறது என்று அவள் சொல்லியிருந்தாள்.

சின்னவன் போன பிறகு பிராணிக்கடைக்காரரிடம் இதைச் சொன்னார். கடைக்காரர் கிளிக்கூண்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"பழசுல ஒரு பிடிகூட வைக்கலையா அண்ணே?"

"வைக்கல."

"அதுங்களுக்கு வாசனைதான் முகம். அண்ணனா தம்பியான்னு மோந்துதான் தெரியும். ஒண்ணை மட்டும் எங்கயாவது வெளிய எடுத்துட்டுப் போனீங்களா?"

"இல்லையே."

"அப்ப நீங்க கழுவினதுதான். ஒரே வீட்டுல ரெண்டு அந்நியன் ஆயிட்டாங்க."

அன்று மாலை மனைவியிடம், "நான்தான் கொன்னுட்டேன்" என்றார். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது. அப்புறம், "விடுங்க. தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றாள்.

மகள் போன் செய்தாள். "அப்பா, அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"நான்தானேம்மா கழுவினேன்."

"இருக்கட்டும்ப்பா. வேற ஏதாவது பேசுங்க."

அவர் யாரிடமும் மறைக்கவில்லை. சலவைக்கடையிலும் சொன்னார். "சுத்தம் பண்ணியே கொலை பண்ணின ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாண்ணே" என்றாள் இஸ்திரி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்து, ஒரு சட்டைக் கையில் காபிக் கறையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கறையை எடுக்கிற கையாலேயே இதையும் செய்திருக்கிறோம் என்று தோன்றியது.

பெரியவன் தோண்டுவதை விட்டுவிட்டான். விதையை நீட்டினால் வாங்கிக் கீழே போட்டுவிடுவான். தனியாக வைத்தால் இளைத்துப் போவான், ஒரு குட்டியைச் சேர்த்துவிடுங்கள் என்றார் கடைக்காரர். சும்மா உள்ளே விட்டால் மறுபடியும் அதே கதைதான். தொட்டியை நடுவில் கம்பிவலையால் தடுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தினமும் இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றி விட வேண்டும். ஒன்றின் வாசனையில் மற்றொன்று படுத்துத் தூங்கித் தூங்கி, எது யாருடையது என்பது கலந்துபோக வேண்டும். வலையின் இரண்டு பக்கமும் ஒட்டிப் படுக்க ஆரம்பித்தால் வலையை எடுக்கலாம்.

வலையை அவரே வெட்டினார். ஓரங்கள் குத்தாமல் துணி வைத்துத் தைத்தார். வாங்கி வந்த குட்டிக்குப் புதுசு என்று பெயராயிற்று. கடையில் வேலை அதிகமாகி அவர் வர நேரமாகும் நாட்களில் மனைவியே பக்கம் மாற்றிவிடுவாள். "மாத்தியாச்சு. ரெண்டும் முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, சம்பந்தி வீடு மாதிரி" என்று போனில் சொல்வாள். அவளுக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததில் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. பெரியவன் மறுபடி விதை தின்ன ஆரம்பித்தான். ஒரு காலையில் பார்த்தபோது வலைக்கு இந்தப் பக்கம் அவன் முதுகும் அந்தப் பக்கம் புதுசின் முதுகும் ஒட்டிக் கிடந்தன. இரவும் அப்படியே இருந்தால் எடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். இருந்தன. மறுநாள் சாயங்காலம் எடுப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

அந்த மறுநாள் மத்தியானம் கவுண்டர் பெண் உள்ளே குரல் கொடுத்தாள். "கறையண்ணே, ஒரு கோட்டு. என்னன்னு தெரியல."

வெளிர் நிறக் கோட்டு. கைமடிப்புக்கு மேலே சிறிய மஞ்சள் வட்டம், ஓரம் மட்டும் கொஞ்சம் கருத்திருந்தது. பழசு. விளக்கில் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் இல்லை. சாயம் இல்லை. வெளியே வந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நடுவயதுப் பெண்மணி, கண்ணாடி போட்டவர், கையில் சாவிக்கொத்து.

"இது என்ன மேடம்?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன். சொன்னாத்தான் எடுக்க முடியும்."

"எலி மூத்திரம்." சொன்னவரே சிரித்துவிட்டார். "சாதா எலி இல்ல. ஜெர்பில்னு சொல்வாங்களாம். நான் ஸ்கூல் நடத்தறேன், சின்னப் பசங்க ஸ்கூல். பெத்தவங்களைக் கூப்பிட்டு ஒரு நாள் வச்சோம். அவங்கவங்க வீட்டுப் பிராணியைக் கொண்டாந்து காட்டணும். எங்க ஆயா அவ வீட்டுலருந்து ஒண்ணைக் கொண்டாந்தா. அன்னிக்கு அதுதான் ஹீரோ. முப்பது பசங்களும் மாத்தி மாத்திக் கையில வாங்கினாங்க. நானும் வாங்கினேன், என் மேல போயிடுச்சு. அப்புறம் கோட்டை அலமாரியில போட்டு மறந்தே போயிட்டேன்."

"ஒண்ணைத்தானா?"

"என்ன?"

"ஒண்ணை மட்டும்தான் கொண்டாந்தாங்களா?"

"ஆமா. வால் மொட்டையா ஒண்ணு. பாவம். பசங்க கையெல்லாம் சோப்பு போட்டுக் கழுவிக் கழுவித்தான் தொட்டாங்க, அதைச் சொல்லணும். எங்க ஆயா அதுல ரொம்பக் கறார்." சாவிக்கொத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அது எப்படி இருக்குன்னு கேட்டா நல்லா இருக்கு மேடம்ங்கறா. இப்பப் புதுசா ஒரு குட்டியும் வந்திருக்காம். அடுத்த வாரம் அதைக் கொண்டாறேன்னு சொல்லியிருக்கா. கறை போயிடுமா?"

"போயிடும்" என்றார். "நாளைக்கு வாங்க."

மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பழைய கறைக்கு உள்ள மருந்தை எடுத்தார். அடியில் துணி வைத்து, வெளியிலிருந்து உள்ளே, சொட்டுச் சொட்டாக வைத்தார். மஞ்சள் இளகி அடித்துணியில் இறங்கியது. எலும்புத் தகட்டால் மெல்லத் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் இடமே தெரியவில்லை. சின்னவனிடமிருந்து உலகத்தில் மிச்சமிருந்தது அதுதான் என்று கோட்டை மாட்டும்போது நினைவு வந்தது.

வீட்டுக்குப் போனபோது மனைவி தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க, வாங்க. ரெண்டும் காலையிலருந்து ஒட்டிக்கிட்டே கிடக்கு. கைய கழுவிட்டு வந்து வலையைத் தூக்குங்க. புதுப் பொண்ணு மாப்பிள்ளை கணக்கா இருக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உங்க மேடம் கோட்டு கொண்டாந்தாங்க."

அவள் திரும்பவில்லை. தொட்டியின் கண்ணாடியில் அவள் முகம் கொஞ்சம் தெரிந்தது.

"எந்த மேடம்?"

"கறை எதுன்னு கேட்டேன். சொன்னாங்க."

புதுசு மணல் கிண்ணத்தில் ஏறிப் புரண்டது. மணல் கண்ணாடியில் சரசரத்தது.

"சொல்லணும்னுதாங்க இருந்தேன்" என்றாள். "அதுக்குள்ள நீங்களே நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு ஆரம்பிச்சுட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் வேற சொல்லிட்டீங்க."

"தெரியாமத்தானே செஞ்சீங்கன்னு சொன்னியே."

"உங்களைச் சமாதானம் பண்ணத்தான் சொன்னேன்."

"என்னைச் சமாதானம் பண்ண."

"பின்னே? எனக்கு மட்டும் தெரிஞ்சா கொண்டு போனேன்? சாயங்காலம் உள்ள விட்டதும் பெரியவன் காலைத் தட்டினான். விளையாடறான்னு நெனச்சேன். ஒரு நாள்தானேங்க. அங்க எல்லாரும் என்னை ஆயா, ஆயாங்கறதுங்க. அன்னிக்குத்தான் ஒரு பொண்ணு எலி டீச்சர்னு கூப்பிட்டா. அப்புறம் எல்லாம் டீச்சர் டீச்சர்னு பின்னாலயே வந்துச்சுங்க." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "உங்ககிட்ட கேட்டா விட மாட்டீங்க."

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

அவர் விரலைப் பார்த்தார். பல் பட்ட இடத்தில் வெள்ளைத் தழும்பு.

"ரெண்டு நாள் என் கையில கிடந்தான். மூஞ்சிக்கு நேரா வச்சிருந்தேன். அவன் மேல என்ன வாசனை அடிச்சுது?"

அவள் தொட்டிக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"உனக்குத் தெரியும். அன்னிக்குக் கிட்டக்கூட வராம வாசல்லயே நின்னுட்டியே."

"சோப்பு" என்றாள். "ஸ்கூல் சோப்பு."

"இவளுக்குத் தெரியுமா?" சுவரில் இருந்த மகள் படத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"போன்ல அழுதேன். அவதான் இப்பச் சொல்லாத, அப்பா ரொம்ப நொந்து போயிருக்காருன்னா."

அப்படியானால் வீட்டில் தெரியாதவர் ஒருவர்தான். அவர் எழுந்து செருப்பைக் கழற்றப் போனார். பாதியில் நின்று திரும்பினார். வரும் வழியெல்லாம் கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வந்த கேள்வி அது.

"சண்டைக்கு முந்தின நாள் தொட்டி நாறுதுன்னியே. நாறுச்சா?"

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாறுச்சா?"

"பசங்க தொடற சாமான்" என்றாள். "சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"நாறுச்சான்னு கேட்டேன்."

"இல்ல."

அன்று அவர் வலையை எடுக்கவில்லை. எடுக்கலையா என்று அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முந்தின நாள் பால் இருந்தது. அவர் அதை யாரிடமும் நீட்டவில்லை. அடுப்பில் வைத்துக் காய்ச்சிப் பார்த்தார். திரியவில்லை. டீ போட்டு ஒரு டம்ளரை மேசையில் வைத்துவிட்டு மற்றதைக் குடித்தார். கொடியில் கிடந்த முந்தின நாள் சட்டையை விட்டுவிட்டுப் பெட்டியிலிருந்து துவைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார். மகளிடமிருந்து இரண்டு முறை போன் அடித்தது. மூன்றாவது முறை எடுத்து, "வேலைக்குக் கிளம்பிட்டேன்" என்றார். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து மேடம் கோட்டை வாங்கிக்கொண்டு போனார். கறை போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றார் இவர். இஸ்திரி அக்கா மூன்று அட்டைக் குழல்களைக் கட்டிக் கொடுத்தாள். மாலையில் பெரியவனை அந்தப் பக்கமும் புதுசை இந்தப் பக்கமும் மாற்றிவிட்டு, தொட்டி மூடிக்கு ஒரு சிறிய பூட்டு போட்டார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டார்.